ஒரு பெயருக்காக நூறு நாள்

அன்புள்ள செல்வராசு,

பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. பார்வை வந்ததும் பரணிலிருந்து 2020ஆம் ஆண்டு நாளிதழ்க் கட்டுகளைத்தான் இறக்கினேன்.

கொரோனா காலத்தில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் நடந்த இழுபறியெல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை என்று எழுதியிருந்தாய். நாற்பது வருடம் என் பக்கத்து மேசையில் பிழை திருத்தியவன் நீ. உன்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

அந்த பிப்ரவரியில் சீன அதிபர் சி ஜின்பிங் ‘மக்கள் போர்’ என்றார். மார்ச்சில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ‘நாம் போரில் இருக்கிறோம்’ என்றார். டிரம்ப் தன்னைப் போர்க்கால அதிபர் என்று சொல்லிக்கொண்டார். நோயைப் போர் என்று சொல்ல எல்லோருக்கும் நாக்கு வந்தது. மார்ச் 23 அன்று ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ், நிஜப் போர்களை நிறுத்துங்கள் என்று கேட்டார். அதை ஆதரித்துப் பதினைந்து நாடுகள் கொண்ட பாதுகாப்பு சபை தீர்மானம் நிறைவேற்றியது ஜூலை 1 அன்று. எண்ணிப் பார்த்தேன், சரியாக நூறு நாள்.

இழுபறி ஒரு பெயருக்காக. உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் தீர்மானத்தில் இருக்க வேண்டும் என்றது சீனா; இருக்கவே கூடாது என்றது அமெரிக்கா. வரைவை எழுதிய பிரான்சும் துனிசியாவும் பெயர் சொல்லாமல் ‘சிறப்பு சுகாதார முகமைகள்’ என்று போட்டுப் பார்த்தன. மே மாதம் அதையும் அமெரிக்கா தடுத்தது. கடைசியில் 90 நாள் போர் ஓய்வு கேட்டு நிறைவேறிய 2532ஆம் தீர்மானத்தில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. (‘வூஹான் வைரஸ்’ என்றுதான் எழுத வேண்டும் என்று அமெரிக்கா பிடிவாதம் பிடித்ததால் ஏழு பணக்கார நாடுகளின் குழுவான ஜி-7 வெளியுறவு அமைச்சர்களின் கூட்டறிக்கை வராமலே போனதும் அதே மார்ச்சில்தான். நோய்க்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே கேட்டுக்கொண்டிருந்தது.)

அந்த நூறு நாளுக்குள், ஏப்ரலில், லிபியாவின் திரிப்போலியில் அல் கத்ரா மருத்துவமனை மீது குண்டுகள் விழுந்தன. கொரோனா நோயாளிகளும் அங்கே படுத்திருந்தார்கள். தீர்மானம் முன்னதாக வந்திருந்தால் அந்தப் பீரங்கிகள் ஓய்ந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிறுத்து என்று ஒரே குரலில் சொல்லக்கூட அந்தப் பதினைந்து நாடுகளால் முடியவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு சொல்லை வைப்பதா எடுப்பதா என்று நாமும் விடியும்வரை வாதாடியிருக்கிறோம். அச்சுக்குப் போகும் நேரம் வந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தோம்.

தை பிறந்ததும் வருகிறேன். அந்த மே மாதக் கட்டையும் எடுத்து வருகிறேன். தீர்மானம் தடைபட்ட செய்தி ஏழாம் பக்கத்தில் நான்கே வரியில் கிடக்கிறது. நீயே படித்துப் பார்.

அன்புடன்,
வேலாயுதம்