ஒயில் குடித்த பிரேக்

அன்பின் தவம்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை என்று ஏசுவாய். ஏசு. வீட்டில் எல்லோரும் நலம், கட்டையன் இன்னும் கட்டைதான். விடயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பா எனக்குத் தந்த லாண்ட் ரோவர், போன வெள்ளிக்கிழமை கோணேசர் கோவில் ஏற்றத்தில், என் மாமியை உள்ளே வைத்துக்கொண்டு தானாகப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. ஹான்ட் பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். ஓடிப்போய் ஏறிக் கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அர்ச்சனைத் தட்டைக் கைவிடாமல் பிடித்திருந்த தன் வீரத்தை மாமி இப்போது உப்புவெளி வரைக்கும் சொல்லித் திரிகிறார். கோவில் இருக்கும் கோட்டையில் திரியும் மான்கள் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

முதலில் கொண்டுபோன கராஜில் பிரேக்கை இறுக்கிக் காசு வாங்கினார்கள். அன்று மாலையே பழைய குணம். பிறகு கட்டையன் வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எழும்பும்போதே சிரித்தான். இதன் ஹான்ட் பிரேக் சில்லுகளில் இல்லை என்பது உனக்கு ஞாபகமிருக்கிறதா? கியர் பெட்டியிலிருந்து வரும் ஓட்டத்தை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறம், பின் சில்லுகளுக்கான ஷாப்ட் வெளியே வரும் இடத்தில்தான் அந்த பிரேக் டிரம். பெட்டி ஒயிலை வெளியே விடாமல் அங்கே தடுக்கும் றப்பர் வளையமான ஒயில் சீல் கசிந்தால் ஒயில் நேரே டிரம்முக்குள் போகும். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ ஒயில் குடித்துவிட்டால், அதை எந்த இறுக்கு இறுக்கினாலும் பிடிக்குமா?

“சீலை மாற்று, வேலை முடிந்தது” என்றான் கட்டையன். இங்கேதான் எனக்கும் அவனுக்கும் சண்டை. சீல் ஏன் கசிந்தது என்று கேட்க வேண்டாமா? பெட்டிக்கு மேலே மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. ஓட்டத்தில் ஒயில் சூடாகும், உள்ளே காற்று விரியும், அது வெளியேறும் வழி அதுதான். கழற்றி ஊதினேன், போகவில்லை. உள்ளே குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறது! அந்த வழி அடைபட்டால் அமுக்கம் சீலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். இதை விட்டுவிட்டு எத்தனை சீல் போட்டு என்ன?

பிறகு அனுராதபுரச் சந்தி மாஸ்டரிடம் போனோம். ஷாப்ட்டைக் கழற்றினால் ஹான்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான் என்று முதலில் நான்கு சில்லுக்கும் கட்டை வைக்கச் சொன்னார். ஒயிலை வடிக்கும் முன் நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்தார். அது கழலாவிட்டால் வடித்த பிறகு புது ஒயிலை எந்த வழியால் ஊற்றுவது? ஷாப்ட்டைப் பெட்டியோடு பூட்டும் பிளான்ஜ் கையில் வந்ததும் கண்ணாடிகூடப் போடாமல் விரலால் தடவி, “இங்கே பள்ளம்” என்றார். சீலின் உதடு காலங்காலமாக உரசி இரும்பையே தின்றிருக்கிறது. புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி கசியும். ஒன்றில் மெல்லிய உருக்கு வளையம் ஏற்ற வேண்டும், இல்லையேல் வேறு பிளான்ஜ். நட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பளி வோஷரும் மக்கிவிட்டது. ஒயில் பிளான்ஜின் உட்பற்களுக்கிடையால் ஊர்ந்து அந்த வழியாலும் வரும் என்கிறார்.

அவருக்குக் கை நடுங்குகிறது, மச்சான். மகன் கட்டாரில். வேலை பழக வருகிற பொடியன்களுக்கு ஓட்டோ திருத்தத் தெரிந்தால் போதும். அவருக்குப் பிறகு இந்த வாகனத்தை யாரிடம் கொண்டுபோவேன் என்று யோசித்தால் இரவில் நித்திரை வருவதில்லை.

உன் அப்பாவைப் பற்றி அவர் கேட்டார். படுக்கையில்தான் என்றேன். நான் போகும்போதெல்லாம் அப்பா வாகனத்தைத்தான் விசாரிக்கிறார், உன்னை விசாரிப்பதில்லை. ஏனென்று உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

இனி உன் வேலை. சீல், கம்பளி வோஷர், பிளான்ஜ் மூன்றையும் அங்கே விசாரி. கடையில் டிபென்டர் என்று கேட்காதே, அந்தப் பெயர் 1990இல்தான் வந்தது. இது 1986 வன் டென், பெட்டி எல்டி230. பெட்டியில் வெட்டியிருக்கும் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். மலிவுச் சீல் வேண்டாம். ஷூவை நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

காசை உன்னிடம் தரமாட்டேன், அப்பாவின் கையில் கொடுத்துவிடுவேன். எவ்வளவு என்று நீயே அவருக்குப் போன் எடுத்துச் சொல்.

அன்புடன்,
ராசன்