ஆறாவது கடமை பிரியாணியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிரியாணி பத்தி ஒரு பக்கம் முழுக்க கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, "முகலாயர்களோடு வந்த இஸ்லாமியர்களின் உணவான பிரியாணியை இன்று பிற மதத்தினரும் விரும்பி உண்கின்றனர்"ன்னு ஒரு வரி வர்ற வரைக்கும். பிற மதத்தினரும்! ஏதோ நாங்க பீரோவுல வச்சு பூட்டியிருந்தத பெரிய மனசு பண்ணி எடுத்து குடுத்த மாதிரி. கட்டுரையாளர் பாராட்டாத்தான் எழுதியிருப்பாரு, அது புரியுது. ஆனா இந்தப் பாராட்ட வாங்கி வாங்கி எங்களுக்கு அலுத்துப் போச்சுங்க.

நான் திண்டுக்கல்காரன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எங்க குடும்பத்துல முகலாயரோட வந்தவங்க யாரும் இல்ல, எங்க அத்தாவோட அத்தா, அதாவது அப்பாவோட அப்பா, டெல்லி எந்தப் பக்கம் இருக்குன்னு கூட தெரியாமலே மௌத்தாப் போனவரு. திண்டுக்கல் பிரியாணின்னு இன்னிக்கி ஊரு ஊருக்கு போர்டு மாட்டுறாங்களே, அந்தப் பேர வாங்கிக் குடுத்தவரு யாருன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? 1957ல ஆனந்த விலாஸ்னு கடை போட்டு, தலையில எப்பவும் தலப்பாக்கட்டோட உக்காந்திருந்த நாகசாமி நாயுடு. நாயுடு எந்த பள்ளிவாசல் ஜமாஅத்துன்னு உங்க கட்டுரையாளரத்தான் கேக்கணும். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் இருக்கு, முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரங்க எல்லாம் கூடி நடத்துற திருவிழாவுல ராத்திரி பூரா அண்டா அண்டாவா ஆட்டுக்கறி பிரியாணி ஆக்கி, விடியக்காலைல பிரசாதமா குடுக்குறாங்க. சாமிக்கு படைக்கிற பிரியாணி இஸ்லாமியர் உணவா? உங்க பேப்பர்லயே வருஷா வருஷம் போட்டோவோட செய்தி வருது, அத அந்தக் கட்டுரையாளர் படிக்கிறது இல்ல போல.

அறுக்குறதுல மார்க்கம் இருக்கு, நான் இல்லேங்கல. ஹலால் ஹராம் எங்களுக்கு உண்டு, பிஸ்மி, அதாவது அல்லாஹ் பேரச் சொல்லித்தான் அறுக்கணும், அதுல ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா கறி சட்டிக்கு போன பிறகு அதுல என்னங்க மதம்? எங்க அக்கா கல்யாணத்துக்கு ஆடு அறுத்தவரு பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற எங்க மோதினாரு, ஆக்குனவரு நெத்தி நெறைய பட்டை போட்ட மாஸ்டர். அந்தாளு அரிசிய கொட்டிட்டு அடுப்ப விட்டு நகரவே மாட்டாரு. தண்ணி வத்தி அரிசியும் மசாலாவும் சமமா வர்ற நேரம்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் முந்துனா சோறு குழையும், பிந்துனா அடி பிடிக்கும், அத கரண்டி காம்ப பாத்தே கண்டுபிடிச்சு விறக வெளிய இழுத்து, மூடி மேல கங்க அள்ளிப் போட்டுட்டு யாரும் தொறக்கக் கூடாதுன்னு காவலுக்கு உக்காந்துருவாரு. அந்தச் சோத்த சகன்ல வச்சு நாலஞ்சு பேரு ஒரே தட்டுல கைய விட்டு சாப்புட்டோம், மார்க்கம் படிச்ச ஆலிம்சாவும் சாப்புட்டாரு. மாஸ்டர் பட்டைய பாத்து யாரும் எந்திரிச்சு போகல.

பொருளுக்கு மதம் பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கா பக்கத்துச் சரக்கு, மிளகாய இந்தப் பக்கம் எறக்கி விட்டது போர்ச்சுகீசியக்காரன், அப்போ காரத்துக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சா? கிராம்பு இந்தோனேசியாவுல மலுக்குத் தீவுல வெளஞ்சது. சீரக சம்பா நம்ம வயல்ல வெளையிறது. இன்னொரு கோஷ்டி வேற இருக்கு, சங்கப் பாட்டுல ஊன்சோறு வருது அதனால பிரியாணி தமிழனோடது, முகலாயன் நம்மகிட்ட இருந்துதான் திருடிட்டான்னு வாட்ஸப்புல சண்டை போடுறவங்க. கறியும் சோறும் சேத்து திங்கிறதுக்கு ஒருத்தன் கிட்ட இருந்து ஒருத்தன் திருடணுமா சார், பசிச்சவன் எவனும் செய்வான். (வெஜ் பிரியாணிக்கு என்ன மதம்னு ரெண்டு தரப்பும் இதுவரைக்கும் சொல்லல.)

எங்க மார்க்கத்துல கடமை அஞ்சு. கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத், ஹஜ். ஆறாவதா பிரியாணின்னு ஒண்ண சேத்தது நீங்கதான், அதாவது உங்க மாதிரி பத்திரிகைங்கதான். ஆபீஸ்ல வேலை பாத்த காலம் பூரா பெருநாளைக்கு மறுநாள் உள்ள நொழஞ்சா ஈத் முபாரக்னு சொல்ல ஆள் இருக்காது, "பாய் பிரியாணி எங்க?"தான். முப்பது நாளு நோன்பு வச்சியேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானும் சிரிச்சிக்கிட்டே கேரியர நீட்டியிருக்கேன், என்ன பண்றது. ஆனா அதே பிரியாணிதான் மெட்ராஸுல வாடகைக்கு வீடு தேடும்போது முன்னாடி வந்து நிக்கும். பேரக் கேட்டதும் "நாங்க ப்யூர் வெஜ் சார், மசாலா வாடை ஆகாது"ன்னாரு ஒரு ஓனர். மாடி வீட்ல மீன் பொரிக்கிற வாசம் எங்க ரெண்டு பேரு மூக்குலயும்தான் ஏறிக்கிட்டு இருந்துச்சு.

உணவு மேல மத முத்திரைய குத்துனா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கு தெரியாதா? 2022 மே மாசம் ஆம்பூர்ல மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவிச்சுது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லன்னாங்க, எதிர்ப்பு கிளம்புச்சு, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டர் கிட்ட விளக்கம் கேட்டுச்சு, கடைசில மழைய காரணம் காட்டி விழாவையே தள்ளி வச்சாங்க. கோயம்புத்தூர்ல பாய் கடை பிரியாணில கருத்தடை மாத்திரை கலக்குறாங்கன்னு ஒரு பொய்ய கெளப்பி விட்டாங்களே, அதையும் நம்புனவங்க இருந்தாங்க. "இது அவங்க சாப்பாடு"ன்னு மொதல்ல மனசுல பதிஞ்சிருந்தாத்தானே இந்த மாதிரி புரளி ஓடும். அந்த வேலைய அன்பா, பாராட்டா, கலர் படத்தோட நீங்க செஞ்சு குடுக்குறீங்க.

படம்னதும் ஞாபகம் வருது. கட்டுரை பூரா சீரக சம்பா சீரக சம்பான்னு எழுதிட்டு படத்துல விரல் நீளத்துக்கு பாசுமதி. அதத் திருத்தணும்னு கூட தோணலையா சார்? ரம்ஜான் பக்கத்துலயும் இதே கதைதான், தொப்பி போட்ட ரெண்டு பிள்ளைங்க கட்டிப்பிடிக்கிற அதே படம், பக்கத்துல ஒரு தட்டு பிரியாணி. நோன்பு மாசம் பூரா எங்க சாயங்காலம் கஞ்சியில கழியுது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காப்பால். அதுக்கு அரசாங்கமே பள்ளிவாசலுக்கு அரிசி குடுக்குது, எங்க தெருவுல எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் தூக்குவாளியோட வந்து வாங்கிட்டு போகுதுங்க. அத எடுத்துப் போட உங்களுக்கு ஒரு போட்டோகிராபர் கிடைக்கல. இதப்பத்தி முன்னாடி ஒரு தடவ கடிதம் போட்டேன், வரல. இடமில்லாம இருந்திருக்கும், பரவால்ல. எங்க அத்தா காலத்துல இருந்து வாங்குற பேப்பரு, இதுக்காக நிறுத்தவும் மனசு வரல.

பெரிசா ஒண்ணும் கேக்கல. அந்த "இஸ்லாமியர்களின் உணவான" அப்படிங்கற ரெண்டு வார்த்தைய மட்டும் இணையத்துல இருக்கிற கட்டுரைலயிருந்து எடுத்துருங்க. அடுத்த ரம்ஜானுக்கு பள்ளிவாசல்ல போயி கஞ்சிய படம் எடுத்துப் போடுங்க, அசர் தொழுகைக்கு, அதாவது சாயங்காலத் தொழுகைக்கு முன்னாடி வந்தா கிண்டிக்கிட்டு இருக்கிறதையே எடுக்கலாம். பிரியாணி படத்த ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை போட்டுக்கங்க, சீரக சம்பாவா பாத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகன், பேகம்பூர், திண்டுக்கல்.