பச்சைத் துணி முடிச்சு: பொட்டல்புதூர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

பொட்டல்புதூர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மூட்டுவலிக்கார அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றானே ஒருத்தன், அது நான்தான். அன்றைக்கு யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் ஊருக்கே எழுதுகிறேன்.

அம்மா தவறி ஒரு வருஷம் ஆகிறது. அவள் டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது அடியில் நான்கு காசு முடிச்சுகள் கிடந்தன. மூன்று மஞ்சள், ஒன்று பச்சை. மஞ்சள் எல்லாம் சங்கரன்கோயிலுக்கும் திருச்செந்தூருக்கும் உள்ளவை. பச்சையைப் பார்த்ததுமே சித்தி சொல்லிவிட்டாள்: "இது பொட்டல்புதூருக்குள்ளதுல்லா. மூணு வயசுல உனக்குக் காய்ச்சல் கண்டு கண்ணு சொருகிட்டு. மைதீனாண்டவருக்கு நேந்து முடிஞ்சா." வேலை, வெளியூர் என்று இழுத்தடித்ததில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. கடனோ என் பேரில் இருக்கிறது.

ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் அப்பாவின் காலைப் பார்த்து, நிறுத்தத்துக்கு முன்னாலேயே விசிலடித்து இறக்கிவிட்ட கண்டக்டருக்கு முதல் நன்றி. 2019-ல் பொட்டல்புதூர் தென்காசி மாவட்டத்தோடு போய் வருஷங்கள் ஆகியும், "திருநெல்வேலி ஜில்லாவுல இதுக்கு ஈடா ஒரு தர்கா கிடையாது சார்" என்றார். எங்கள் வாயிலும் அப்படித்தான் வருகிறது.

சீனியும் பூவும் விற்கிற கடையில் இருந்த பெத்தாவுக்கு என்ன சொல்ல? முடிச்சு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. நான் கத்தரிக்கோல் கேட்டேன். வெடுக்கென்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "வெட்டுததுக்கா உங்கம்மா முடிஞ்சு வச்சாவ? அவுக்கணும் தம்பி." கொண்டை ஊசியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் முடிச்சை வைத்துக்கொண்டு, இழை இழையாக நெம்பினார். கடைக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். கால்மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே ஒண்ணேகால் ரூபாய்: ஒரு ரூபாய்த் துட்டு ஒன்று, நாலணா ஒன்று. துணி மடிப்பில் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கரும்பச்சையாக இருந்தது.

நாலணா 2011-லேயே செல்லாமல் போயிற்றே, உண்டியலில் போடலாமா என்று ஓதிக்கொடுத்த லெப்பையிடம் கேட்டேன். "செல்லாதது பேங்குக்கு. நீங்க போடுங்க" என்றார். என் பேரும் தாயார் பேரும் கேட்டுக்கொண்டு பாத்திஹா ஓதினார். எனக்கு அரபு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் சாம்பிராணிப் புகைக்குள் அந்த ஓதலுக்கு நடுவே அம்மாவின் பெயர் வந்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தூண்களையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு அப்பா, "நம்ம கோயில் மாதிரில்லா இருக்கு" என்றார். "கட்டுன கை ஒரே கைதான் அண்ணாச்சி" என்று ஐயா ஆரம்பித்தார், இருட்டும்வரை நிறுத்தவில்லை. முகைதீன் ஆண்டவர் என்று நாம் சொல்கிற அப்துல் காதிர் ஜீலானி 1166-ல் பாக்தாதில் மறைந்தவர், அடக்கமும் அங்கேதான். அவர் பேரால் காதிரிய்யா என்கிற சூஃபி வழி கடல் தாண்டி வந்து இந்த மலையடிவாரத்தில் விளக்கேற்றி வைத்திருக்கிறது. ரபீயுல் ஆகிர் மாதத்துக்கே இங்கே 'மைதீன் ஆண்டவர் மாசம்' என்றுதான் பெயர், கந்தூரி விழா அப்போதுதான். செல்லம்மாவின் ஊரான கடையத்தில் இருந்த காலத்தில் பாரதி இந்த ஊருக்கு வந்து இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார், 1920-ல். அப்பாவுக்குப் பாரதி கடையத்தில் இருந்தது தெரியும், இங்கே பேசியது தெரியாது. பஸ் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தப் பேச்சு மும்முரத்தில்தான் மாத்திரைப் பையை டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டோம். ஆழ்வார்குறிச்சியில் பஸ் நின்றபோது ஜன்னல் பக்கம் பைக்கில் மூச்சுவாங்க ஒரு பையன். பையை நீட்டினான். பெட்ரோலுக்காவது வாங்கிக்கப்பா என்றேன். "அதெல்லாம் வேண்டாம் மாமா, தாத்தாவ மாத்திர போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டான். தம்பி, தாத்தா அன்றைக்கு ராத்திரி நேரத்துக்குப் போட்டார்.

கடைப் பெத்தாவுக்கு ஒரு சேதி. காசைத்தான் எடுத்தேன், அந்தப் பச்சைத் துணியை உங்கள் சீனிச் சாக்குமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கிடந்தால் எடுத்து வையுங்கள். கந்தூரிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து,
ஒண்ணேகால் ரூபாய்க்காரியின் மகன்