ரசீது புத்தகத்தில் விட்டுவைத்த இருபது தாள்கள்

அன்புள்ள முரளிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிறு பார்த்தேன். நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், பக்கத்தில் ஷாலினி இருக்கிறாள், குழந்தை குறுக்கே ஓடுகிறான், எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் பிறந்துவிட்டது. இந்த வருஷம் நன்கொடை ஏதாவது கொடுத்தாயா என்று போன மாதம் சும்மாதான் கேட்டேன். "ஆபீசில் ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்மா, ரசீது வந்துவிடும்" என்றாய். ரசீது வந்துவிடும் என்றாயே தவிர, பணம் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதியவள் காதில் அந்த வித்தியாசம் விழாமல் போகுமா? உடனே குழந்தையின் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன்கூட ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

சரி, நான் எதையும் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீ படித்தால் போதும்.

முதலில் நீ எந்த வரி முறையில் இருக்கிறாய் என்று பார். புதிய முறை என்றால் நன்கொடைக்காக வருமானத்தில் கழித்துக்கொள்ளும் 80ஜி கழிவே கிடையாது, எவ்வளவு கொடுத்தாலும் வரியில் ஒரு ரூபாய் குறையாது. 2023-24-லிருந்து நாமாக மாற்றாவிட்டால் புதிய முறைதான். வீட்டுக் கடனும் வாடகைப்படியும் இருப்பதால் நீ பழைய முறையில் இருப்பாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் பணம் மார்ச் 31-க்குள் உன் கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். தருவதாகச் சொன்ன தேதி கணக்கில்லை, ஏப்ரல் 1-ம் தேதி கொடுத்தால் அது அடுத்த வருஷக் கணக்கு. கடைசி நாள் வரை வைத்துக்கொண்டு இருக்காதே, பாங்கு சர்வர் படுத்துக்கொண்டால் யாரைக் கேட்பாய்? மாதம் பாதியிலேயே முடித்துவிடு.

ரொக்கமாகக் கொடுக்காதே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கழிவு இல்லை. அரிசி, துணி, புத்தகம் என்று பொருளாகக் கொடுப்பதற்கும் இல்லை, அதைப் பிள்ளைகளுக்காகக் கொடு, வரிக்காக வேண்டாம். பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் கழியும். மற்ற அறக்கட்டளைகளில் பெரும்பாலும் பாதிதான், அதுவும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்புக்குள். 20,000 கொடுத்தால் 10,000 கழியும், முப்பது சதவீத வரிக்காரனான உனக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 3,120 ரூபாய் மிச்சம். நியாயமாகக் கொடுப்பவனுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இதைவிடப் பத்து மடங்கு மிச்சம் பண்ணித் தருகிறேன் என்று ஒருத்தன் வந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நீதான் யோசிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் ரசீது மட்டும் போதாது. வாங்கிய அறக்கட்டளை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் உன் பான் எண்ணோடு கணக்குக் கொடுத்து, உனக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். ரிட்டர்னில் போட்டதும் அதில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் ஏஜென்டுகள் பலர் பெயர் தெரியாத கட்சிகளின் ரசீதுக்குப் போனார்கள், கட்சி நன்கொடைக்கான 80ஜிஜிசி பிரிவில் முழுத் தொகையும் கழியுமே. 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை வாபஸ் வாங்கியதாகத் துறையே சொன்னது. நாற்பதாயிரம் பேர்! உன்னைப் போலப் படித்த, மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் அதில் எத்தனை பேரோ.

போன வருஷம் ரீஃபண்ட் நிறைய வந்தது என்று வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினாய். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன், என் பிள்ளை அனுப்பினான் என்று. கையால் துவைக்க விடமாட்டேன் என்று நீ சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ரீஃபண்ட் எவ்வளவு என்று நான் கேட்டபோது நீ தொகையைச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து மார்க்கைக்கூட மறைக்காத பையன் நீ.

பணம் 31-க்குள் போக வேண்டும், உன் கணக்கிலிருந்து, உன் பெயரில், உன் பான் ரசீதில் இருக்க வேண்டும். போன பணத்தில் ஒரு பைசாகூட உனக்குத் திரும்பி வரக் கூடாது. திரும்பி வந்தால் அது நன்கொடையே இல்லை.

இதை நான் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். முரளி, அந்த மாதிரிப் பொய் ரசீதுகளை எழுதியவளே நான்தான்.

நான் கணக்கு எழுதிய பிள்ளைகள் விடுதி ஆபீசில் மார்ச் 31 சாயங்காலம் ரசீது புத்தகத்தில் கடைசி ரசீதுக்கு அப்புறம் இருபது தாள்களை விட்டுவிட்டு, ஒரு கிளிப் போட்டு வைப்பேன். செயலாளர் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். ஏப்ரலில், சில வருஷம் ஜூனில்கூட, யாராவது காரில் வருவார்கள். நான் தேதி முத்திரையின் சக்கரத்தை நகத்தால் பின்னுக்குத் திருப்பி, மாதத்தை மார்ச்சுக்குக் கொண்டுவந்து, 31 வைத்துக் குத்துவேன். கார்பன் தாளைச் சரிபார்த்துக் கிழித்துக் கொடுப்பேன். தேதி மட்டும்தானே, பணம் விடுதிக்குத்தானே வருகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

2007-ல் ஒருவர் 50,000-க்குச் செக் கொடுத்தார். பாங்கிலிருந்து பணத்தை எடுத்து 45,000-ஐக் கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். மிச்சம் 5,000 விடுதிக்கு. போன 45,000-க்குக் கணக்கு வேண்டுமே, அரிசி வாங்கியதாக வவுச்சர் எழுதினேன். மூட்டைக்கு மூட்டை, என் கையெழுத்தில். அந்த அரிசி வரவே இல்லை. அந்த மாதம் பிள்ளைகள் இரண்டாவது தடவை சோறு கேட்டால் சமையல்கார அம்மா அண்டாவைச் சாய்த்துக் காட்டுவாள். நீ லீவில் அங்கே வந்து அவர்களோடு கேரம் ஆடியிருக்கிறாய், உனக்கு முகம்கூட ஞாபகம் இருக்கும்.

ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்றால், அதற்கு முன்னால் உன் முதல் செமஸ்டர் ஃபீஸை அட்வான்சாகக் கொடுத்தவர் அந்தச் செயலாளர்தான். அப்பா அப்போது இருந்த நிலைமை உனக்குத் தெரியும். அந்த அட்வான்ஸை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னைப் படிக்கவைத்தேன் என்று நான் பெருமை பேசும்போதெல்லாம் அந்த வவுச்சர் கண்ணில் வந்து நிற்கும்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் கிடையாது. ஆனால் எனக்கு அன்றைக்கு இல்லாத வழி இன்றைக்கு இருக்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முன்னால் தானாக முன்வந்து திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடலாம், ஐடிஆர்-யு என்கிறார்கள். போன ரிட்டர்ன் என்றால் வரியும் வட்டியும், அதற்கு மேல் 25 சதவீதமும் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய வருஷமும் என்றால் இந்த மார்ச் 31 தாண்டினால் அந்த 25, 50 ஆகிவிடும். அவர்களாகக் கண்டுபிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். பழைய கணக்கு எதுவும் இல்லையென்றால் நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், நிம்மதியாகத் தூங்குவேன்.

இருந்தால், என் பெயரில் இருக்கும் டெபாசிட்டை உடைக்கலாம். முதிர்வு அக்டோபரில், முன்னால் எடுத்தால் கொஞ்சம் வட்டி குறையும், பரவாயில்லை. பத்திரம் உன் பழைய சர்டிபிகேட் ஃபைலில் இருக்கிறது. ஷாலினியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. ஸ்பீக்கர் போடாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு, விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா