தலைமை மரபணு தனியாக என்ன செய்யும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கருவளர்ச்சி பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உடலின் எந்தப் பகுதி என்னவாக வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களுக்குத் 'தலைமை மரபணுக்கள்' என்று பட்டம் கொடுத்து, அவை உத்தரவு போட்டால் இங்கே கால் முளைக்கும், அங்கே இறக்கை முளைக்கும் என்பதோடு கட்டுரையை முடித்துவிட்டீர்கள். அது பாதிக் கதை.

பழ ஈயில் 8 ஹாக்ஸ் மரபணுக்கள், மனிதரில் 39. இவை உருவாக்கும் புரதங்களில் டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் பகுதி 60 அமினோ அமில நீளம், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே சாயல். தனியே விட்டால் பெரும்பாலானவை டிஏஏடி (TAAT) மாதிரியான, டிஎன்ஏவின் நாலெழுத்துத் துணுக்கில்தான் போய் ஒட்டும். அந்த நாலெழுத்து ஈயின் மரபணுத்தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களில் தற்செயலாகவே வரும். அப்படியானால் மார்புக்கான ஹாக்ஸும் வயிற்றுக்கான ஹாக்ஸும் தத்தம் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன?

அங்கேதான் துணைப்புரதங்கள் வருகின்றன. எக்ஸ்ட்ராடென்டிகிள் என்று ஒன்று. எரிக் வீஷாஸும் (1995இல் நோபல் பெற்றவர்) மார்க் பைஃபரும் 1990இலேயே காட்டிய விஷயம் இது: எக்ஸ்ட்ராடென்டிகிள் பழுதான ஈக் கருவில் ஹாக்ஸ் மரபணுக்கள் வழக்கமான இடங்களில்தான் வேலை செய்துகொண்டிருக்கின்றன, ஆனாலும் உடற்கண்டங்கள் அடையாளம் மாறிப்போகின்றன. உத்தரவு போடுபவர் நாற்காலியில்தான் இருக்கிறார், உத்தரவு மட்டும் செல்லவில்லை! ஹாக்ஸ் புரதத்தின் ஒரு சிறு கொக்கி எக்ஸ்ட்ராடென்டிகிளைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் ஒட்டி நின்று நாலெழுத்தைவிட நீளமான ஒரு கோவையைப் படிக்கின்றன. தனியாக இருந்தபோது வெளியே தெரியாத வேறுபாடுகள் ஹாக்ஸ்களுக்கிடையே தெரிய ஆரம்பிப்பது அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துணைக்கும் ஒரு துணை வேண்டும், ஹோமோதொராக்ஸ் என்ற புரதம் இல்லாவிட்டால் எக்ஸ்ட்ராடென்டிகிள் உட்கருவுக்குள் தங்காமல் வெளியே வந்துவிடும்.

சரி, இடத்தைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் இன்னொரு புரதமான, ஹாக்ஸ் அல்லாத டார்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈக் கருவின் வயிற்றுப்புறத்தில், ஒரே உட்கருவுக்குள், அது ட்விஸ்ட் மரபணுவை முடுக்கிவிடுகிறது, ஸென் மரபணுவை அடக்கிவைக்கிறது. ஸென் அருகே டார்சலுக்குப் பக்கத்து இருக்கைகளில், அதாவது டிஎன்ஏவில் அதை ஒட்டிய இடங்களில், உட்காரும் புரதங்கள் சேர்ந்து க்ரௌச்சோ என்ற அடக்கும் துணையை வரவழைக்கின்றன (கண்களுக்கு மேல் புதராக முடி வளர்ந்த ஈயைப் பார்த்து நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸின் புருவ நினைவில் வைத்த பெயர்). அந்தப் பக்கத்து இருக்கைகளைக் கெடுத்துவிட்டால், அடக்கிக்கொண்டிருந்த அதே டார்சல் அங்கே முடுக்க ஆரம்பித்துவிடுகிறது.

இதெல்லாம் ஈயின் சமாச்சாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. எக்ஸ்ட்ராடென்டிகிளின் உறவுக்காரப் புரதங்களான பிபிஎக்ஸ் நம்மிடமும் உண்டு. பல்வேறு மரபணுக்களை முடுக்குவதற்கு உதவும் சிபிபி என்ற துணைப்புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே ரூபின்ஸ்டைன்-டேபி நோய்க்குறி வரலாம்: அகன்ற கட்டைவிரல்கள், குட்டையான உடல், அறிவுவளர்ச்சிக் குறைபாடு. இன்னொரு பிரதி நன்றாக இருந்தும் போதவில்லை, அதாவது துணை இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் 'ஒரு மரபணு, ஒரு உறுப்பு' என்ற அந்தப் படக்குறிப்பையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்