பொருளுக்கு வைக்கும் கணக்கை ஆளுக்கும் வையுங்கள்

விமானப் பராமரிப்புக் கூடங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக காம்போசிட் ஷாப்பில், அதாவது கார்பன் போன்ற நாரை ரெசின் என்ற பிசினால் இறுக்கிச் செய்த விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து ப்ரீப்ரெக் (ரெசின் ஏற்கெனவே ஊறிய நார்த்துணி) ரோலை எடுத்தால் மணி பார்த்து எழுதுகிறோம். வெளியே இருந்த நேரம் அளவு தாண்டினால் ரோலையே கழித்துவிடுகிறோம். அதே ஷாப்பில் ஒருவர் எத்தனை மணி நேரம் பாகங்களைத் தேய்க்கும் தூசிக்குள் நின்றார், எத்தனை வருடமாக ரெசின் கலக்கிறார் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

எங்களோடு ஓர் அண்ணன் இருந்தார். நார்த்துணியை அடுக்கடுக்காக ஒட்டும் லே-அப் வேலையில் அவ்வளவு சுத்தமான கை. முதலில் விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. வேர்க்குரு என்று சொல்லிப் பவுடர் போட்டு மறைத்தார், ஓவர்டைம் போய்விடுமே என்ற பயம். அப்புறம் கண் இமை வீங்கியது. நாங்கள் கலக்கும் ரெசினான எபாக்சியால் வந்த ஒவ்வாமை. அது ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது; பக்கத்து மேசையில் யாராவது ரெசின் கலந்தாலே கிளம்பிவிடும். இப்போது ஸ்டோரில் சீட்டு எழுதுகிறார்.

கையுறை கொடுக்கிறோமே என்பீர்கள். மெல்லிய லேடெக்ஸைத் தாண்டி எபாக்சி உள்ளே போகும். நைட்ரைல் வேண்டும், அதையும் ரெசின் பட்டதும் மாற்ற வேண்டும். ஷிப்டுக்கு ஒரு ஜோடி என்று எண்ணிக் கொடுத்தால் எதை மாற்றுவது? கையில் ஒட்டியதை அசிட்டோனால் துடைக்கும் பழக்கம் இன்னும் மோசம். தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து ரெசினுக்கு அதுவே வழிவிடுகிறது.

தூசிக்கு, உறிஞ்சு குழாய் பொருத்திய சாண்டர் (தேய்க்கும் மெஷின்) வேண்டும். அசிட்டோன் போன்ற சால்வன்ட் ஆவிக்குத் தூசி மாஸ்க் போதாது, கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் சரி. ஷிப்டு முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொண்டு கிளம்புகிறோம். சட்டையில் ஒட்டிய நார்த்தூசிக்கு அது காற்றில் பறக்க இன்னொரு வாய்ப்பு. மிச்சம் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் யூனிஃபார்ம் ஊறும் அதே வாளியில் ஊறுகிறது. உடை மாற்ற ஓர் அறையும், சட்டைகளை அங்கேயே துவைக்க ஏற்பாடும் செய்து கொடுங்கள்.

போயிங் 787-இன் எடையில் பாதி காம்போசிட்தான். இந்த வேலை இனி கூடத்தான் போகிறது. ஆளுக்கொரு அட்டை போடுங்கள். என்ன ரெசின், எவ்வளவு நேரம், தோலும் நுரையீரலும் வருடா வருடம் எப்படி இருக்கின்றன என்று அதில் எழுதுங்கள். கொப்புளத்தைக் காட்டினால் ஓவர்டைம் போகாது என்று நோட்டீஸ் போர்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன்கள் கொப்புளம் வந்த முதல் நாளே வந்து காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு காம்போசிட் டெக்னீஷியன்