செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மருத்துவ முகாமை நிறுத்திய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும் இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் மண்டூர் மக்களுக்கும் எனது வணக்கம். எமது நலன்புரிச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுப் பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுச்சபையின் முன் வைக்கின்றேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டு நாம் எடுத்த தீர்மானங்களுள் அதிகம் பேச்சு வாங்கித் தந்தது, ஆண்டுதோறும் நடத்திவந்த ஒருநாள் இலவச மருத்துவ முகாமை நிறுத்தியதாகும். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வெளியூர் வைத்தியர்களை அழைத்து, வரிசையில் நின்றவர்களுக்குச் சீனியும் பிறஷரும் பார்த்து, ஒரு வாரத்துக்கான குளிசைகளையும் கொடுத்தனுப்பினோம். இவ்வாண்டின் தொடக்கத்தில் பழைய முகாமின் பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, சீனி கூடுதலென்று குறிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போனபோதுதான், அவர்களுட் பலர் அதன்பின் ஒரு தடவையேனும் கிளினிக் பக்கம் போகவில்லை என்பது தெரியவந்தது.

அவர்களை அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போவதாயின், குருமண்வெளிக்குப் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிடில் வெல்லாவெளிக்குப் போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். விடியமுன் புறப்பட்டு, இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைக் கண்டு, மருந்தும் வாங்கித் திரும்புவதற்குள் ஒரு நாளின் கூலி போய்விடுகிறது. கண் மங்கிய ஒரு முதியவரால் இதனைத் தனியே செய்ய இயலாது. கூடப் போகவேண்டிய மகள் மத்திய கிழக்கில் இருக்கிறாள், மகன் வயலில் நிற்கிறான். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் அவசர வேளைக்குரியது, மாதாந்தக் கிளினிக்குக்கு அதனை அழைக்க முடியாது. வாவியின் மேற்குப் பக்கமான இந்தப் படுவான்கரையில் வாழும் எவருக்கும் இது புதிய செய்தியன்று என்றாலும், முகாமன்று திரண்ட கூட்டத்தைக் கண்டு நாமே இதனை மறந்திருந்தோம்.

ஆகவே முகாமுக்கான பணத்தைத் துணை செல்லும் பணிக்குத் திருப்பினோம். எவருக்கு எந்தத் திகதியில் கிளினிக் என்பதைக் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுதி, முதல்நாள் மாலை வீட்டிற்குச் சென்று நினைவூட்டி, தேவைப்படுபவருடன் ஒரு தொண்டரை அனுப்புகிறோம். அவருடைய பயணச் செலவும் மதியச் சாப்பாடும் சங்கத்தின் பொறுப்பு. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ சொல்லும் அதிகாரம் தொண்டருக்குக் கிடையாது. ஐயமிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்க வேண்டும். புகைப்படம் எடுப்பதற்கு இதில் ஒன்றுமில்லாமையால், முகாமுக்கு உதவிய வெளிநாட்டு உறவுகள் சிலர் இவ்வாண்டு பணம் அனுப்பவில்லை. அவர்கள்மீது எனக்குக் குறையில்லை; ஆனால் தீர்மானம் சரியானதென்றே இன்றும் கருதுகின்றேன்.

நன்கொடையாகக் கிடைத்த சக்கர நாற்காலிகள் மூன்றும் எமது மணல் ஒழுங்கைகளில் ஓட மறுத்தன. முன்சக்கரம் உள்ளங்கையளவு, மணலில் புதைந்து நின்றுவிடும். சைக்கிள் திருத்தும் கடையொன்றில் இரண்டுக்குப் பெரிய சக்கரம் பொருத்திய பின்னர் அவை இரவலாகப் போய்வருகின்றன. எதையும் அனுப்புமுன் ஒழுங்கையைப் பற்றியும் கேளுங்கள் என்று அடுத்த தடவை எழுதுவோம்.

எமது தவறொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மனநோய்க்காக மாத ஊசி போடும் ஒருவருக்குத் துணை சென்ற தொண்டர், அதனைத் தேநீர்க்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அக்குடும்பம் எமக்குக் கதவைச் சாத்தியது. தலைவரும் நானும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் பண்போடு கேட்டுக்கொண்டார்கள், மீண்டும் அழைக்கவில்லை. அதன்பின் பதிவேட்டில் நோயின் பெயர் எழுதப்படுவதில்லை, திகதியும் இடமும் மட்டுமே உள்ளன.

நவம்பர் இறுதியில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கத்தால் பெய்த மழையில் உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. வாவி பெருகினால் பாதை நின்றுவிடும், வெல்லாவெளி வீதியில் நீர் ஏறும் என்பது நாம் ஒவ்வொரு மாரியிலும் காண்பது. ஆயினும் அந்த வாரத்தில் கிளினிக் திகதி விழுந்தவர்களுக்கு மருந்து இருப்பு வேண்டுமென்பதை முன்கூட்டியே யோசிக்கத் தவறினோம். இனி ஒக்டோபர் கிளினிக்கிலேயே நிலைமையை விளக்கிக் கூடுதல் மருந்து கேட்கும்படி சொல்லியுள்ளோம். மின்சாரம் நின்றால் இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம் என்பதையும், ஐஸ்கட்டியோடு உறையவிட்டால் அது பழுதாகிவிடும் என்பதையும் வீடு வீடாகச் சொன்னோம்.

ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆண்டு இது. நாற்காலிகளைத் தம் கையால் வழங்க வேண்டுமென்று கேட்டவர்களுக்கு, கட்சி வேறுபாடின்றி, இயலாதென்றே பதிலளித்தோம்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். அத்தகைய நிலையிலிருந்த ஓர் அம்மாவிடம் இதனை விளக்கினேன். “பெத்த புள்ளைகளக் கந்தோருக்கு இழுத்து வழக்காடுறதா, மகன்?” என்று கேட்டுவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டைப் பூர்த்திசெய்ய மட்டும் சம்மதித்தார்.

வைத்தியசாலை விடுதியில் ஆளணி குறைவான வேளைகளில் எமது தொண்டர்களையே நோயாளியைப் புரட்டவும் தூக்கவும் சொல்வது வழக்கமாகி வருகிறது. அவசரத்தில் கைகொடுப்பது வேறு, அதனை எமது கடமையாக எழுதிக்கொள்வது வேறு. வெற்றிடங்களை நிரப்பும்படி உரிய இடத்திற்கு எழுத்தில் கேட்பதும் சங்கத்தின் வேலையே. அந்தக் கடிதத்தை இக்கூட்டத்தின் அங்கீகாரத்துடன் அனுப்ப விரும்புகின்றேன்.

பொருட்பதிவேட்டின்படி கழிப்பறை நாற்காலி ஒன்று இன்னும் திரும்பவில்லை. அதனைப் பயன்படுத்தியவர் கடந்த மாதம் காலமானார். 31ஆம் நாள் கிரியை கழியாமையால் நான் போய்க் கேட்கவில்லை. புதிய செயலாளர் கேட்டுப் பெற்றுக்கொள்வாராக.